மான் வரும் பக்கம்

"பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் எங்கக்கா இருக்கு?"

ஐஸ் பெட்டியை ஹாலில் இறக்கிவைத்த ஆள், ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் குனிந்து பார்த்தார். ஆர்த்திகா அவரை நிறுத்தினாள்.

"அது வேணாம்ணே. லோடு தாங்காது. சமையக்கட்டு வாசல்ல ஒண்ணு இருக்கு, அதுல போடுங்க."

வீடு கட்டும்போது அந்த இடத்தில் எதற்குப் பெரிய பிளக் என்று அம்மா கேட்டாள். என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று அப்பா சொன்னார். முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்பது மகளுக்கும் மனப்பாடமாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே அப்பா மலைச்சாமி படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஈரம் படர்ந்து முகம் மங்கியது. யாரோ துணி கேட்டார்கள். ஆர்த்திகா அலமாரியைத் திறந்து பழைய பருத்தித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அது அவர் நேற்றுத் தோளில் போட்டிருந்த துண்டு என்று தெரிந்தது. திரும்ப வாங்கவேண்டும் என்று தோன்றவில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து கொல்லைக்கதவைத் திறந்தவர், "நெஞ்சு கரிக்குது, வீட்டுல சோடா கெடக்கா?" என்று கேட்டார். அம்மா ராமக்காள் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லத் திரும்புவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஆர்த்திகா உட்காரவில்லை. போன் பண்ணினாள், பால்காரரிடம் இரண்டு லிட்டர் கூடச் சொன்னாள், மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரப்பினாள். மதுரையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு லீவு சொன்னபோது, "எத்தனை நாள்?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றாள்.

வெளியே பந்தல் போட வந்தவர்கள் வீட்டின் வடக்குச் சந்தில் முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் கயிறு வேணாம். மான் வரும்."

"என்னது?"

"சாயங்காலம் அந்தச் சந்து வழியாத்தான் மான் எறங்கும். கயிறு கொம்புல மாட்டிக்கும். தெக்க கட்டிக்கங்க."

பந்தல்காரர் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்பன் செத்துக் கிடக்கையில் மானைப் பற்றிப் பேசுகிறவளை எப்படிப் பார்ப்பதோ அப்படிப் பார்த்தார். பிறகு முளையைப் பிடுங்கினார்.

வாடிப்பட்டியைத் தாண்டி, சிறுமலை தரையைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது தென்றல் நகர். மொத்தம் நாற்பது வீடுகள். மேற்கே மலை, கிழக்கே நாலுவழிச் சாலை. முதலில் வீடு கட்டி வந்தவர்களில் மலைச்சாமியும் ஒருவர். மலையில் ஓடை வற்றும் மாசி பங்குனியிலிருந்து புள்ளிமான்கள் கீழே இறங்கும். முதல் வருஷம் எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருந்தது. பிஸ்கட் போட்டார்கள், வாழைப்பழத் தோல் போட்டார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள். இரண்டாம் வருஷம் ரோஜாச் செடியையும் கறிவேப்பிலைக் கன்றையும் மொட்டையடித்தபோது அலுப்பு வந்தது. முள்கம்பியும் நைலான் வலையும் கட்டினார்கள். ஒருநாள் காலையில் கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று வலையில் சிக்கி, கழுத்து இறுகி நின்றது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வருகிற வரைக்கும் தாங்காது என்று மலைச்சாமிதான் கட்டிங் பிளேயரோடு போனார். அதன் கண்ணைத் துண்டால் மூடிவிட்டு, ஒவ்வொரு இழையாக நறுக்கினார். அவர் தொடையில் குளம்பு கிழித்த தழும்பு இருந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனார். மிரட்டவும் இல்லை, சட்டம் பேசவும் இல்லை. "எதையும் திங்கப் போடாதீக, பழகிப்போச்சுன்னா அதுக்குத்தான் ஆபத்து. நாய அஞ்சரைக்கு மேல கட்டிப் போடுங்க. வண்டிய மெதுவா ஓட்டுங்க. குட்டி தனியாக் கெடந்தா தொடாதீக, தாய் பக்கத்துலதான் நிக்கும்." வலைக்குப் பதிலாக ஆடாதோடையும் நொச்சியும் வேலியாக நட்டுக் கொடுத்தார். மான் அதை மோந்துகூடப் பார்க்காது. காய்கறி போடுகிறவர்கள் மொட்டைமாடியில் போட்டுக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மான்கள் தெருவில் நடந்து போகும். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு தடவைதான் கெட்டது நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் காதுகுத்து. பொழுது சாய்கிற நேரத்தில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். மான்கள் மிரண்டு கிழக்கே ஓடி நாலுவழிச் சாலையில் ஏறின. மலைச்சாமி துண்டை வீசிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மூன்று மான்கள் லாரியில் அடிபட்டன. அதற்குப் பிறகு தென்றல் நகரில் யாரும் வேட்டு வைத்ததில்லை. தீபாவளிக்குக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொட்டலுக்குப் போய்விடுவார்கள்.

பதினோரு மணிக்குப் பேரையூர்ப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து வேன் வந்தது. மலைச்சாமியின் தம்பி சிவபாண்டி முதலில் குதித்து இறங்கினார். "அண்ணே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று பெட்டியின் மேல் விழுந்தார். கூட வந்த பெண்கள் ராமக்காளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராமக்காளும் அழுதாள். ஆர்த்திகா தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சிவபாண்டியின் மகன் பாண்டிராஜ் வேன் கூரையிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா பாண்டி அது?"

"வேட்டுக்கா. வர்ற வழியில திருமங்கலத்துல வண்டிய நிப்பாட்டி அப்பா வாங்குனாரு."

"இங்க வேட்டு போடக் கூடாதுடா."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் காதில் விழுந்துவிட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. சிவபாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாருத்தா சொன்னது?"

"யாரும் சொல்லல சித்தப்பா. அப்பாதான். மலையில இருந்து மான் எறங்கும். வேட்டுச் சத்தத்துக்கு மெரண்டு ரோட்டுல போய் விழுந்துரும்."

"மானா?" சிவபாண்டி சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "எந்தோட்டத்துல வந்து பாரு தாயி. ரெண்டு ஏக்கரு கடலைய ஒரே ராவுல மேஞ்சுட்டுப் போயிருச்சு போன வருசம். வெரட்டுறதுக்கே நான் தெனமும் வேட்டுதான் போடுறேன். அந்தக் கழுதைக்காக எங்கண்ணன் சத்தமில்லாமப் போகணுமா? அநாதப் பொணமா அவரு?"

"அப்படி இல்ல சித்தப்பா..."

"கொட்டு வேணாம்னு அண்ணனே சொன்னாரு, சரின்னோம். அது நாமளா வேணாம்னு விட்டது. வேட்டு அப்படி இல்ல."

அவர் அவள் கையைப் பிடித்து மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப் போனார். அங்கே நிழல் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கய்யா செத்தப்ப எனக்குப் பதினோரு வயசு. அண்ணனுக்குப் பதினேழு. ஊருக் கோயில்ல திருவிழாக் கொடி ஏறியிருந்துச்சு. அவுக தெரு வழியாக் கொண்டுபோகக் கூடாதுன்னுட்டாக. சத்தமும் கேக்கக் கூடாதாம். உழுது தண்ணி கட்டுன வயலு. அதுல எறங்கித் தூக்கிட்டுப் போனோம். அண்ணன் முன்பக்கம் தூக்குச்சு. ரெண்டு தடவ வழுக்கி விட்டுருச்சு, அய்யா ஒடம்பு பூராம் சேறு. பொம்பளைக முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு நின்னாக. குழி மூடிட்டு வரும்போது அண்ணன் சொல்லுச்சு, 'டேய், நம்ம வீட்டுல அடுத்த சாவுக்கு ஊரே காதப் பொத்தணும்டா'ன்னு."

ஆர்த்திகா தண்ணீர்க் கேனை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஆத்தா செத்தப்பக் கொரோனா. ஆஸ்பத்திரியிலயே கட்டிக் குடுத்துட்டாக. இப்ப இது. இதுக்கும் சத்தமில்லாமன்னா, நான் என்னத்தா பண்ணட்டும்?"

"அப்பா எங்கிட்ட இதச் சொன்னதே இல்ல."

"அதென்ன சொல்ற கதையா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். யோசிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. மோட்டார் ரூம் சுவரில் அப்பாவின் கையெழுத்தில் 'ஆப் செய்யவும்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"போடுங்க சித்தப்பா," என்றாள்.

சிவபாண்டி இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தவர் போல வாயைத் திறந்து மூடினார். அவள் கேனை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் அடுத்த வீட்டு ராதாமணி ஒரு அண்டா நிறையச் சோறும் ரசமும் கொண்டுவந்து பின்பக்கம் வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் காலையிலிருந்து காபியும் அவள் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கூட வந்த அவள் புருஷன் கிரிதரன்தான் தென்றல் நகர் சங்கத்தின் செயலாளர். மதுரை மகால் பக்கம் சேலைக்கடை வைத்திருந்து, மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். ஆர்த்திகா அவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். மறைத்து என்ன ஆகப்போகிறது.

"அங்கிள், சித்தப்பா வேட்டு போடுவாரு. நான் சரின்னுட்டேன்."

கிரிதரன் மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். அவள் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னாள். அவர் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போய், சிவபாண்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆர்த்திகா கதவோரம் நின்றாள். சண்டை வரும் என்று நினைத்தாள். வந்தால் வரட்டும் என்றும் இருந்தது.

"அண்ணே, எத்தன மணிக்குத் தூக்குறீங்க?"

"நாலு," என்றார் சிவபாண்டி. மேலே என்ன வரப்போகிறது என்று தெரிந்தவர் போலத் தாடையை இறுக்கிக்கொண்டார்.

"நல்லது. வெயில் தாழத்தான் மான் எறங்க ஆரம்பிக்கும். ஆனா இப்ப மேல தண்ணி இல்ல, முன்கூட்டியே அடிவாரத்துல வந்து படுத்திருக்கும். நீங்க நெனச்சபடி வேட்டுப் போடுங்க. நாங்க கொஞ்சப் பேரு மூணரைக்கே போய் ரோட்டோரமா வரிசையா நின்னுக்குறோம். ஓடி வந்துச்சுன்னா துண்ட வீசி மலைப்பக்கமே திருப்பி விட்ரலாம்."

சிவபாண்டி பந்தலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

"இந்த வெயில்லயா நிப்பீக?"

"நிப்போம். அன்னைக்கு மலைச்சாமி அண்ணன் ஒத்த ஆளா நின்னாரு."

கிரிதரன் எழுந்து போய்விட்டார். தூக்கும்போது கூட இருக்க முடியாதே என்று மட்டும் ராதாமணியிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

மூணு மணிக்கு நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டினார்கள். கோடித்துணி போட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது ஆர்த்திகாவின் விரலிடுக்கில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டி தயாராக நின்றது. தெரு முனை வரைக்கும் தோளில்தான் என்று சிவபாண்டி சொல்லிவிட்டார். முன்பக்கம் அவரே கொடுத்தார். மறுபக்கம் பாண்டிராஜ். பின்னால் யார் என்று பார்ப்பதற்குள் தெருக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் காதுகுத்து நடத்திய வீட்டுக்காரரும் இருந்தார்.

தெருவில் எல்லா கேட்டுகளும் திறந்திருந்தன. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒரு பெண் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து நின்றாள். செருப்புச் சத்தமும் ஊர்ப்பெண்களின் அழுகையும் மட்டும் கேட்டன. சாக்கை வேறொருவர் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார்.

தெரு முனையில் பெண்கள் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து நாலுவழிச் சாலை நேராகத் தெரியும். வெள்ளை வெயில். சாலையின் இந்தப் பக்க ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு வரிசையாக நின்றார்கள். கிரிதரன் நடுவில் நின்றார். சிலர் தலையில் துண்டைப் போட்டிருந்தார்கள். பாடை வருவதைக் கண்டதும் அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டு வயதான வாத்தியார் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ரோட்டோரம் கால் மாற்றி மாற்றி நின்றார்.

சிவபாண்டி அதைப் பார்த்தார். ஆர்த்திகாவுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம் நடை நின்றது. பிறகு பாடையை வண்டியில் ஏற்றினார்கள். சாக்கு வைத்திருந்தவர் அதன் வாயை அவிழ்த்துவிட்டு சிவபாண்டியைப் பார்த்தபடி நின்றார்.

பெண்கள் காத்திருந்தார்கள். ராமக்காள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வேட்டு என்றால் பயம். தீபாவளிக்கு மலைச்சாமி அவளுக்காகக் கதவைச் சாத்திவைப்பார்.

வண்டி கிளம்பிச் சாலையை நோக்கிப் போனது. ஆட்கள் பின்னால் நடந்தார்கள். சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெரியவில்லை. மயானம் அங்கிருந்து அரை மைல்தான். அங்கே ஒரு வெடி வெடித்தாலும் இங்கே கேட்கும். ஆர்த்திகா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். லாரிகள் போயின. எங்கோ ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்தியது. வேறு ஒன்றும் இல்லை.

ராமக்காள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் ராதாமணிதான் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"போயிட்டாங்கக்கா. வாங்க."

வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் ஓடி, வாசற்படி வழியாக இறங்கியது. யாரோ விளக்கை ஏற்றி வைத்தார்கள். ஆர்த்திகா அந்தப் பெரிய பிளக்கின் ஸ்விட்சை அணைத்தாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆண்கள் திரும்பி வந்தார்கள். சாக்கு பாண்டிராஜின் தோளில் அப்படியே இருந்தது. அவன் அதை வேனின் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினான். ஆர்த்திகா பக்கத்தில் போனாள்.

"ஏன்டா போடல?"

"தெரியலக்கா. மயானத்துலயாச்சும் போடுவோம்பான்னு கேட்டேன். நமத்துப் போச்சுடா, வெடிக்காதுன்னுட்டாரு."

சித்திரை மாசம் முடியவில்லை. காலையிலிருந்து சாக்கு வெயிலிலேயே கிடந்தது. பாண்டிராஜ் வேன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

மற்றவர்கள் வாசல் பக்கக் குழாயில் குளித்தார்கள். சிவபாண்டி மட்டும் கொல்லைக் குழாய்க்குப் போனார். அவருக்குத் துண்டு கொடுக்கவில்லையே என்று நினைவு வந்து, ஆர்த்திகா அலமாரியில் தேடி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு வந்தாள்.

வடக்குச் சந்து வழியாக அவை வந்துகொண்டிருந்தன. முதலில் ஒரு பெட்டை மான், அதன் விலாவை ஒட்டியபடி குட்டி, அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து. ஆடாதோடை வேலியைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, வழக்கமாகப் போகிற வழியில் போயின. வாளிக்கு ஆறடி தூரம்கூட இருக்காது. பெட்டை மான் நின்று, புதிய ஆளைப் பார்த்துக் காதை விடைத்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது.

தலைக்கு ஊற்ற எடுத்த செம்பைத் தூக்கிய கையோடு சிவபாண்டி அப்படியே இருந்தார். வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. செம்பிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாக வழிந்தது. அது தரையில் விழுந்து சத்தம் எழுப்பாமல் இருக்க, இன்னொரு கையை மெதுவாகக் கொண்டுவந்து கீழே பிடித்துக்கொண்டார்.